முதுகு சுத்தம்

இந்த அறையின் நாற்காலிகள் நன்றாக இருக்கின்றன. எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நோயாளிகளின் வீட்டார் உட்கார நாலு உருப்படியான நாற்காலி வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துப்போனது. இல்லை என்றார்கள். எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. போகட்டும், நான் குறை சொல்ல வரவில்லை. நீங்கள் மூவரும் ஃபைலை மூடிவிட்டு எழுந்த நேரத்தில், இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் என்று உங்களை உட்கார வைத்தவன் நான். காப்பி ஆறியிருந்தால் வேறு கொண்டுவரச் சொல்லுங்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

உங்களில் நடுவில் இருப்பவர் எலும்பு டாக்டர், ஓய்வு பெற்றவர். வலது பக்கம் தோல் டாக்டர். இடது பக்கம் வக்கீல் அம்மா. நுரையீரல் சம்பந்தப்பட்ட ஒரு சாவை விசாரிக்க நிர்வாகம் பொறுக்கி எடுத்த ஆட்கள் நீங்கள். நுரையீரல் எங்கே இருக்கிறது என்பதாவது உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். மற்றதை நான் சொல்கிறேன்.

செத்தவன் என் தங்கையின் கணவன். அது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிரிவின் தலைவன் நான் என்பதும் தெரியும். அவன் லிஃப்ட் மெக்கானிக் என்பதை ஃபைலில் போட்டிருக்கிறீர்கள். எப்படிப்பட்ட ஆள் என்று யாரும் கேட்கவில்லை.

சிரித்துக்கொண்டே இருக்கும் ஆள். அதுதான் முதலில் எனக்குப் பிடிக்காமல் போனது. கல்யாணம் பேச எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என்ன வேலை என்று நான் கேட்டதற்கு, "உங்க வேலையும் என் வேலையும் ஒண்ணுதான் மச்சான். நடுவுல நின்னுபோச்சுன்னா நம்மளைத்தான் கூப்பிடுவாங்க" என்றான். கல்யாணம் இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் மச்சான். என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா அம்மா போனபின் அவளை வளர்த்துப் படிக்க வைத்தவன் நான். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. நான் அவனை மாப்பிள்ளை என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமான சில வருடங்களில் அவன் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழியில் விழுந்தான். முதுகெலும்பு நொறுங்கியது. உங்களைப் போன்ற ஓர் எலும்புக்காரர் கம்பி வைத்து முறுக்கி, வலிக்கு அபின் வகை மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு கைப்பிடியாகிவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதுகெலும்பு இருப்பவனுக்கே அந்த மாத்திரையை விடுவது கஷ்டம்.

இந்த ஆட்கள் எங்களிடம் எப்படி வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அபின் வகை மருந்து அளவு மீறினால் மூளை மூச்சு விடுவதையே மறந்துவிடும். வலியில்லாமல், கவலையில்லாமல், மூச்சும் இல்லாமல் நீலம் பாரித்துக் கிடப்பார்கள். கேஷுவல்டியில் இருக்கும் ஏதோ ஒரு பொடிசு பயந்துபோய் முறிமருந்தை ஒரே மூச்சில் நரம்பில் ஏற்றிவிடும். அடுத்த நிமிடம் அலறிக்கொண்டு எழுந்திருப்பார்கள். வாந்தி எடுப்பார்கள். அந்த வாந்தியில் பாதி நுரையீரலுக்குள் போகும். அது போதாதென்று, அப்படித் திடுக்கென்று எழுப்பப்பட்ட சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வாயிலும் மூக்கிலும் இளஞ்சிவப்பு நுரை வரும். தண்ணீரில் விழாமலே மூழ்குகிறவர்கள். பிறகு எங்கள் மாடிக்கு அனுப்புவார்கள். நாங்கள் அவர்களை உலர்த்தி, துடைத்து, நிமிர்த்தி வீட்டுக்கு அனுப்புவோம். கொஞ்ச நாளில் அதே ஆள் அதே நீலத்தோடு திரும்ப வருவான்.

நான் அவர்களை வெறுக்கிறேன் என்று பெரிய சிஸ்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் பிரிவின் தலைமைச் செவிலியர், இருபது பேரை ஒரு பார்வையில் நிறுத்தக்கூடியவர். அவர் சொன்னது தவறு. வெறுப்பதற்கு எதிரே ஒரு மனிதன் வேண்டும். நான் அவர்களைத் தாழ்வாகத்தான் நினைக்கிறேன். அது என் வேலையைக் கெடுத்ததில்லை. சாக்கடை அடைப்பு எடுக்கிறவர் சாக்கடையை நேசிக்க வேண்டியதில்லை. நான் காப்பாற்றிய அளவுக்கு அந்தக் கூட்டத்தை இந்த ஊரில் வேறு யாரும் காப்பாற்றியிருக்க மாட்டார்கள்.

அவனையும் ஒருமுறை காப்பாற்றினேன். மாத்திரைக் காலத்தில். அன்றைக்கும் இதே நீலம், இதே நுரை. வென்டிலேட்டரில் போட்டு, இரவும் பகலும் பக்கத்தில் நின்று மீட்டேன். குழாயை எடுத்ததும் அவன் பேசிய முதல் வார்த்தை, "மச்சான், எந்த மாடியில நிக்குது?" என்பதுதான். சுற்றி நின்ற நர்சுகள் சிரித்தார்கள். என் தங்கை அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காப்பாற்றியவன் நான், அவள் பிடித்ததோ அவன் காலை.

அன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா, இவன் தேறமாட்டான். விட்டுட்டு வந்துடு. மாடி ரூம் உனக்காகத்தான் இருக்கு" என்றேன். அவள் என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். போன் செய்தால், "நல்லா இருக்கோம் அண்ணா" என்று மட்டும் சொல்வாள். மாத்திரையை விட்டுவிட்டானா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். மாத்திரை தொடர்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அவன் இன்னொரு தடவை வருவான் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், காத்துக்கொண்டுதான் இருந்தேன். நான் சொன்னது சரி என்று அவள் ஒருநாள் என் முன்னால் ஒத்துக்கொண்டால் போதும் என்று இருந்தது.

வந்தான். ஒரு காலை நேரத்தில் கேஷுவல்டியிலிருந்து போன். மூச்சில்லாமல் கொண்டுவந்திருக்கிறார்கள், முறிமருந்து கொடுத்து எழுப்பிவிட்டார்கள், வாந்தி, நுரை, எல்லாம் வழக்கம்போல. முகத்தோடு இறுக்கிக் கட்டும் ஆக்சிஜன் முகமூடியோடு எங்கள் மாடிக்கு ஏற்றினார்கள். முறிமருந்து சொட்டுச் சொட்டாக டிரிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. முறிமருந்தின் ஆயுசு குறைவு. உள்ளே போன விஷத்தின் ஆயுசு அதிகம். அதனால்தான் டிரிப். இது எங்கள் பிரிவில் தரை துடைக்கிறவர்களுக்கும் தெரியும், ஆனால் உங்களுக்காகச் சொல்கிறேன்.

என் தங்கை கட்டிலைத் தொடர்ந்து ஓடி வந்தாள். "வாயில ஒண்ணுமே போடலண்ணா, சத்தியமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்லா மனைவிகளும் அதையேதான் சொல்வார்கள். அவளை வெளியே நிற்க வைத்தேன்.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. யார் உள்ளே வந்தாலும் முதல் வேலையாக அவரை ஒருக்களித்துத் திருப்பி முதுகைப் பார்ப்போம். மல்லாந்து கிடப்பவரின் முதுகை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். புண் இருக்கும், கண்ணாடித் துண்டு இருக்கும், ஒருமுறை ஒரு சாவிக்கொத்தே இருந்தது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்பக்கம் நின்று தோளையும் இடுப்பையும் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொள்வார். மற்றவர் பின்பக்கம் நின்று பார்ப்பார். பார்த்தவர் உரக்கச் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்றால், முதுகு சுத்தம். அவ்வளவுதான். அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் மறுபடி பார்ப்பதில்லை. இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான்.

அன்றைக்கு நர்சுகளுக்குக் கை ஒழியவில்லை. பிடிக்கப் பயில்வான் வந்தான். எங்கள் வார்டு உதவியாளன், ஈர்க்குச்சி மாதிரி இருப்பான், அதனால் அந்தப் பெயர். அவன் முன்பக்கம் பிடித்துக்கொண்டான். நான் பின்பக்கம் போய்ச் சட்டையை விலக்கினேன்.

இடுப்புக்கு மேலே, பழைய தழும்புக்குப் பக்கத்தில், ஒரு பட்டை ஒட்டியிருந்தது. கண்ணாடித்தாள்போல மெல்லியது, சதுரம். தோல் வழியாக அபின் வகை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் பட்டை. வலி மருத்துவர்கள் கொடுப்பது. மாத்திரைக்கு அடிமையானவனை மெல்ல மீட்டெடுக்கவும், வலியையும் அடக்கவும், அளந்து கொடுப்பார்கள். ஓரத்தில் பேனாவால் தேதி போட்டிருந்தது. என் தங்கையின் குண்டுக் கையெழுத்து, அவளை எழுதப் பழக்கியவன் நான். பட்டையைச் சுற்றித் தோல் சிவந்து கன்றியிருந்தது, பெரிய வட்டமாக. வெந்நீர்ப் பை வைத்த தடம்.

எனக்கு எல்லாமே ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவன் மாத்திரையை விட்டுவிட்டான். ஒழுங்காக ஒரு மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறான். அவள் நாள் தவறாமல் பட்டையை மாற்றி ஒட்டுகிறாள். நான் கேலி செய்வேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறார்கள். நேற்று முதுகு வலி அதிகமாகியிருக்கும். அவள் பாசத்தோடு வெந்நீர்ப் பையை வைத்திருக்கிறாள். சூடு பட்டால் அந்தப் பட்டை மருந்தைக் கொட்டிவிடும். அது அவளுக்குத் தெரியாது. அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இத்தனை வருடம் ஒருவனை இன்னதென்று எடை போட்டு வைத்திருக்கிறோம், அவன் வந்து இப்படி யோக்கியனாகப் படுத்திருக்கிறான். இதை அவளிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? உன் புருஷன் நல்லவன் பாப்பா, பட்டையை எடுத்துவிட்டேன், டிரிப் ஓடட்டும், வாரக் கடைசியில் வீட்டுக்குக் கூட்டிப்போ. அவன் கண்ணைத் திறந்து லிஃப்ட் ஜோக் ஒன்று அடிப்பான். அவள் மறுபடி அவன் காலைப் பிடித்துக்கொள்வாள்.

பயில்வான், "கை வலிக்குது டாக்டர், பாத்தாச்சா?" என்றான்.

"முதுகு சுத்தம்" என்றேன். சட்டையை இழுத்து மூடினேன். பயில்வான் அவனை மெதுவாக மல்லாத்தினான்.

நான் எதையும் ஏற்றவில்லை, எதையும் பிடுங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இருந்ததை இருந்தபடி விட்டேன்.

வெளியே போனேன். என் தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சொன்னேனே, அங்கே நல்ல நாற்காலி இல்லை.

"மறுபடியும் மாத்திரைதான்" என்றேன்.

"இல்லண்ணா. அவர் விட்டுட்டார். நாங்க ஒரு டாக்டர்கிட்ட..."

"பாப்பா, இப்ப எதுவும் பேசாத."

"இல்ல, சொல்றதக் கேளு..."

"உன்கிட்ட எத்தனை தடவை பொய் சொல்லியிருக்கான்? இதுவும் ஒண்ணு. போ, முகத்தக் கழுவிட்டு வா."

 அவள் முகம் இடிந்து விழுவதை நான் பார்த்தேன். அவன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று அவள் முதல்முறையாக நம்பிய இடம் அதுதான். அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளே ஓர் இதம் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்க விரும்பவில்லை.

மதியத்துக்குள் அவன் நன்றாகத் தேறிவிட்டான். நுரை நின்றது. நுரையீரலில் கோத்த நீர் இறங்கத் தொடங்கியது. முகமூடிக்குள்ளிருந்து பேச்சு வந்தது. நான் பக்கத்தில் போனபோது என் கையைப் பிடித்தான்.

"மச்சான், நான் ஒண்ணும் சாப்பிடல. அவளுக்குச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"முதுகு எரியுது மச்சான். அங்க பாருங்களேன்."

"எல்லாம் பாத்தாச்சு. பேசக் கூடாது. தூங்கு."

சரி என்று தலையாட்டினான். என்னை நம்பினான். அப்படிப்பட்ட ஆள்தான் அவன். யார் என்ன சொன்னாலும் நம்பிவிட்டு, அதையும் ஒரு சிரிப்போடு செய்கிறவன். இவனுக்காகவா அவள் என் வீட்டை விட்டுப் போனாள் என்று அப்போதும் நினைத்தேன்.

பிறகு முறிமருந்து டிரிப்பை நிறுத்தச் சொன்னேன். பயிற்சியில் இருக்கும் சின்ன டாக்டர், நல்ல பெண், கொஞ்சம் தயங்கினாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமா சார்?" என்றாள். "மாத்திரை இந்நேரம் இறங்கியிருக்கும். முழிச்சிருக்கான், பேசறான். எதுக்கு வீணா?" என்றேன். மாத்திரை விழுங்கியவனாக இருந்தால் நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் சரி. அந்தப் பெண் மேல் நீங்கள் ஒரு கண்டனம் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை அடித்துவிடுங்கள். அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

இனி சொல்லப்போவது, எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே ஏமாறக்கூடிய விஷயம். மானிட்டரில் இரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் ஓர் எண் உண்டு. எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். முகமூடி வழியாக ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தால், மூச்சு குறைந்துகொண்டே போனாலும் அந்த எண் அசையாது. கடைசி வரை அழகாக நிற்கும். விழும்போது ஒரேயடியாக விழும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். நான் ஆக்சிஜனைக் கூட்டி வைத்தேன். "மச்சானுக்குன்னா டாக்டர் எவ்ளோ பாத்துப் பாத்துச் செய்றார்" என்று ஒரு நர்சு இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அவன் தூங்கினான். பட்டை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு புது நோயாளி வந்து, நர்சுகள் அங்கே மொய்த்தார்கள். நான் என் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து அந்த எண் நன்றாகத் தெரியும். அவன் நெஞ்சும் தெரியும். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள் என்று சொல்வார்களே, அப்படி.

பெரிய சிஸ்டர்தான் முதலில் குரல் கொடுத்தார். முகமூடி நிறைய வாந்தி. அவன் அதை இருமித் தள்ளக்கூடத் தெம்பில்லாமல் உள்ளிழுத்திருந்தான். நீலமாகிவிட்டான். நான்தான் முதலில் ஓடினேன். தொண்டையில் குழாய் போட்டது நான். அடுத்தவர்கள் வென்டிலேட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, அவன் முதுகுக்கு அடியில் கையை விட்டுப் பட்டையை உரித்தேன். பட்டை உள்ளே மாட்டிக்கொள்ளும்படி கையுறையை அப்படியே உள்வெளியாகக் கழற்றிக் குப்பையில் போட்டேன். அது இருக்க வேண்டிய தேவை முடிந்துவிட்டது. இனி மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

வயிற்றில் இருந்த அமிலம் நுரையீரலுக்குள் போனால் உள்ளே வெந்துபோகும். மறுநாள் எக்ஸ்ரேயில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. நனைந்த பஞ்சு மெத்தையைக் காற்றடித்து நிமிர்த்தப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. அப்படிப்பட்டவர்களைக் குப்புறப் படுக்க வைத்தால் முதுகுப் பக்கத்து நுரையீரல் கொஞ்சம் திறந்துகொள்ளும். நான்தான் குப்புறப் போடச் சொன்னேன். முதுகு எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அது சரியான சிகிச்சை. சரியான சிகிச்சையை நான் யாருக்கும் மறுத்ததில்லை.

பெரிய சிஸ்டர் உற்றுப் பார்த்தார். சிவந்த வட்டத்தின் நடுவே வெளுப்பாக ஒரு சதுரம், ஓரங்களில் பசை, பசையில் ஒட்டிய நூல்தூசி.

"என்ன டாக்டர் இது, பட்டை ஒட்டின மாதிரி இருக்கு? நீங்க முதுகு சுத்தம்னு சொன்னீங்களே?"

"பழைய வலி பிளாஸ்டர் ஏதாவது ஒட்டியிருப்பான்" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். ஆனால் வேலையைத் தொடர்ந்தார்.

அதற்குப் பிறகு அவனுக்காக நான் பட்ட பாடு ஃபைலில் இருக்கிறது. வீட்டுக்குப் போகவில்லை. இயந்திரத்தின் அழுத்தத்தை நூலளவு கூட்டி, நூலளவு குறைத்து, கிழிந்த நுரையீரலுக்குப் பக்கத்தில் குழாய் போட்டுக் காற்றை இறக்கி, என்னென்ன உண்டோ எல்லாம் செய்தேன். இந்த நாட்டில் யாரும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது. அவன் பிழைத்திருந்தால்கூட நான் சந்தோஷப்பட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அது என் கையால் நடந்ததாக இருந்திருக்கும். ஆனால் பிழைக்கவில்லை.

நானே போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. "கடைசியா என்ன சொன்னார்?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பெரிய சிஸ்டர் காரியத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கப் போய், அந்தச் சதுரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவள் வலி மருத்துவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், வெந்நீர்ப் பையைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். சூடு பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததும், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, "நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பெரிய சிஸ்டர் புகார் கொடுத்தார். நிர்வாகம் உங்களைக் கூட்டியது.

நேற்று அவள் இந்த அறைக்கு வந்து உங்களிடம் பேசினாள். நீங்கள் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணா மேல நடவடிக்கை எதுவும் எடுக்காதீங்க சார்" என்றாள். "அவர் தெரிஞ்சு விட்டிருக்க மாட்டார். வயசாகுது. கண்ணு முன்ன மாதிரி இல்ல. அன்னிக்குப் பதட்டத்துல தெரியாமப் போயிருக்கும். நானாவது வாயத் திறந்து பட்டையப் பத்திச் சொல்லியிருக்கணும். பாவம் சார் அவர்."

பாவம். என்னை.

சற்றுமுன் உங்கள் முடிவை வாசித்தீர்கள். வேலைப் பளுவாலும், உறவினர் என்ற மன உளைச்சலாலும், வயதின் காரணமான பார்வைக் குறைவாலும், மருந்துப் பட்டை டாக்டரின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஒழுங்கு நடவடிக்கை தேவையில்லை. கண் பரிசோதனை செய்துகொள்ளவும், சில மாதம் ஓய்வெடுக்கவும் பரிந்துரைக்கிறோம். தோல் டாக்டர் எழுந்து வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஒரு கொப்புளத்துக்கும் ஒரு தேமலுக்கும் வித்தியாசம் சொல்ல நாலு களிம்பு மாற்றிப் பார்க்கிறவர், என் கண்ணைப் பற்றி எனக்கு ஆறுதல் சொன்னார்.

முப்பது வருடமாக அந்த மாடியில் என் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை. ஒரு நகத்தின் நிறம் மாறினால் வாசலிலிருந்தே சொல்வேன். ஒரு முதுகில் இருக்கும் உள்ளங்கை அகலப் பட்டையை, பகல் வெளிச்சத்தில், குனிந்து பார்த்துத் தவறவிட்டேன் என்று என் பிரிவில், என் மாணவர்கள் முன்னால் எழுதி ஒட்டப்போகிறீர்கள். இதை நான் அனுமதிக்க முடியாது. மற்றதையெல்லாம் சகித்துக்கொள்வேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பட்டையைப் பார்த்தேன். என்ன பட்டை, யார் ஒட்டியது, ஏன் கொட்டியது, எடுக்காவிட்டால் என்ன ஆகும், எல்லாம் தெரிந்து பார்த்தேன். தெரிந்தே சுத்தம் என்றேன், தெரிந்தே டிரிப்பை நிறுத்தினேன், தெரிந்தே அவன் மூச்சு நின்றுபோவதை என் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைக் கொன்றது வெந்நீர்ப் பை அல்ல. நான்.

வக்கீல் அம்மா போனை எடுக்கிறார். எடுக்கட்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டியது அவர் கடமை. அவர்கள் வருவதற்குள் ஓர் உதவி செய்யுங்கள். என் தங்கை கீழே காத்திருக்கிறாள், உங்கள் முடிவைக் கேட்டு என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறாள். அவளை மேலே வரச்சொல்லி நீங்களே சொல்லிவிடுங்கள். தன் கையால் புருஷன் சாகவில்லை, அண்ணனுக்குக் கண்ணும் போகவில்லை, எல்லாம் அவளுக்காகத்தான் என்று தெரிந்தால் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.